ஏழு குறைகளோடு ஒரு மனு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்குச் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் உடனே எழுது. உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் கட்டடத்து லிப்ட் ஐந்து மாதமாக ஓடாமல் நின்றிருந்தது. நாலாவது மாடியிலிருந்து இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது, தெருவில் கால் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் இப்போதுதான் நடந்துவிட்டு வந்தேன் என்று சொன்னது, சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்ததைத்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோம், அதற்கும் பதில் இல்லை. நோட்டீஸ் கொடுத்த தொண்ணூறு நாளுக்குள் வாடகைப் புகார் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் எனக்குத் தூசு என்றார் உன் அப்பா. முப்பது வருஷம் கோர்ட்டில் மனு வாங்கும் கவுன்டரில் உட்கார்ந்தவர் ஆயிற்றே, நானும் நம்பினேன். என்ன நடந்தது தெரியுமா, காலையில் மனு எழுதுவார், சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே அதிகாரி மாதிரி படிப்பார், ஓரம் போதவில்லை, பக்க எண் இல்லை என்று சிவப்பு மையில் குறித்துத் தனக்கே திருப்பிக் கொடுத்துக்கொள்வார். இப்படிப் பதினோரு தடவை. ஊரார் மனுவைத் திருப்பிய கை சும்மா இருக்குமா. எண்பத்தொன்பதாவது நாள் பன்னிரண்டாவது மனுவில் தேதியை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம், கையில் கிடைத்த ஒரு மனுவை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால் நான்தான் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன், சிரிக்காதே. இரண்டாவது மாடித் தையல்காரம்மா பார்த்துவிட்டு, என்னக்கா இது கோலம் என்று ஓடிவந்து கைகொடுத்தாள். உன் அப்பா பின்னாலேயே, இரும்மா, அதுல பிரதி ஒண்ணு கம்மியா இருக்கு என்று கத்திக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் கவுன்டர் பெண் மனுவைப் புரட்டிவிட்டு, அம்மா, இதுல ஏழு குறை இருக்கு என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அவள், பரவாயில்ல, இன்னைக்கே பதிவு பண்ணிடறேன், ஒரு வாரத்துல சரிபண்ணிக் குடுங்க போதும் என்று முத்திரையைக் குத்திவிட்டாள். எங்க காலத்துல இப்படி ஒரு வழியே கிடையாதே என்று இவர் கேட்க, அப்பவும் இருந்துச்சு சார், யாரும் சொல்றதில்ல என்றாள். வீட்டுக்கு வந்து, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று மட்டும் சொன்னார். எனக்குப் பாவமாகிவிட்டது, கேலி பண்ணாமல் காபி போட்டுக் கொடுத்தேன். மறுநாளே ஏழு குறையையும் தீர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

விசாரணையில் வீட்டுக்காரர் சொன்ன பதிலைக் கேள். அந்தம்மா நாலு மாசமா வெளியவே வர்றதில்லையே, அவங்களுக்கு எதுக்குங்க லிப்ட் என்றார். அதிகாரியம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினைந்து நாளில் லிப்ட் ஓட வேண்டும் என்று உத்தரவு. நேற்றுச் சாயங்காலம் ஓட ஆரம்பித்துவிட்டது.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைப்பாய். மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன், எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில். துணைக்கு வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் வந்தேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. நாலு பஸ் வந்து போய்விட்டது, எதிலும் ஏற வேண்டிய வேலை எனக்கில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போகச் சொன்னேனே, தள்ளிப்போடாதே. மேலே பால்கனியிலிருந்து உன் அப்பா சாப்பிட வரச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசையுடன்,
உன் அம்மா