ஒன்பதாம் பக்கத்து ஆன்ட்டி

அன்புக் கண்ணா,

போனில் சொன்னால் "ம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பள்ளி தந்த வாசிப்புச் செயலியில் ஒரு குரல் தங்குதடையில்லாமல் கதை வாசிக்கும். எழுத்துக்கூட்டும் என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். பள்ளி டேப்லட் மக்கர் செய்த ஒருநாள், நீ விட்டுப்போன பழையதை எடுத்துப்போனேன். எட்டு வயதில் நீ பக்கம் பக்கமாகப் பதிவு செய்த ஆமைக் கதை அதில் இருந்தது. திக்கித் திணறி வாசிக்கிறாய். நடுவில், "இரு இரு, தப்பாயிடுச்சு, மறுபடி வாசிக்கிறேன்" என்கிறாய்.

வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு சிறுமி, "இவன மாதிரின்னா நானும் வாசிப்பேன் டீச்சர்" என்றாள். இப்போது வகுப்பே உன்னோடு வாசிக்கிறது. தப்பு வந்தால் எல்லோரும் "இரு இரு" என்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கப் பதிவில் ஒரு பெண் கத்துகிறாள். "எத்தன தடவ சொல்றது, மரமண்டை!"

"யாரு டீச்சர் அந்த ஆன்ட்டி?" என்று அதே சிறுமி கேட்டாள்.

"தெரிஞ்சவங்கதான். இப்போ கொஞ்சம் பரவாயில்ல" என்றேன்.

அந்த இடத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கணினி ஆசிரியரிடம் கொடுத்தேன். ஹெட்போனில் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெட்டினா பையன் குரலும் போயிடும் டீச்சர். அவங்க கத்துறப்பவும் அவன் வாசிச்சுக்கிட்டேதான் இருக்கான்."

எனக்கு அது தெரியாது, கண்ணா. அன்று எனக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது.

அந்த ஆன்ட்டி,
உன் அம்மா