எரிமலைக்குள் எட்டுக் கிலோ

மே 14, வியாழன்
தூறல். பயிற்சி: வீட்டருகே தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையப் படிகள், பத்துத் தடவை. வலது முழங்கால் கொஞ்சம் முனகல். நெஞ்சு அமைதி.

ஐஸ்லாந்துக்கு இன்னும் நான்கு நாள். அணைந்த எரிமலையின் வாய்வழியாக, கயிற்றில், நூற்றிருபது மீற்றர் கீழே. முப்பத்தெட்டு வருடச் செய்தித் தொழிலில் நிலத்துக்கு மேலே நடந்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

மனைவி மனோவிடம் லிஃப்ட் என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று பயணப் படிவத்தை வாசித்துவிட்டாள்.

"லிஃப்ட் எண்டெல்லோ சொன்னனீங்கள். இதில கயிறு எண்டு கிடக்குது."

"கயிறு கட்டின லிஃப்ட் எண்டு வையுமன்."

சிரிக்கவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, அவள் சம்மதிக்காத பயணம் எதுவும் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தவன் நான். அவள் ஓம் என்றால்தான் ஐஸ்லாந்து.

மே 15, வெள்ளி
வெயில். மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வந்தது. போகலாம் என்று டாக்டர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள், மடித்தாள், பழக்கூடைக்குள் வைத்தாள்.

வாங்கியவை: கம்பளிக் காலுறை 2, பற்றரி, பென்சில் 4 (குளிரில் பேனா எழுதாது). பை கட்டி நிறுத்தேன். ஏழே முக்கால் கிலோ.

பின்னேரம் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. எண்ணெய் மணம். கோயிலுக்கு ஏதோ செய்கிறாள் போலும். கேட்கவில்லை.

மே 16, சனி
காற்று. சட்டன் நகரில் சுவரேறும் கூடம், கடைசிப் பயிற்சி. பயணக் குழுத் தலைவி சிவகாமி, ஈஸ்ட் ஹாம்காரி, புவியியல் ஆசிரியை. அண்ணை என்பாள், சலுகை தரமாட்டாள். கயிற்றில் இரண்டு முறை இறங்கி ஏறினேன்.

"முழங்கால் ஓகே அண்ணை. அக்கா ஓம் எண்டிட்டாவோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப உங்கட பேரைப் பென்சிலால எழுதுறன்."

பிறகு பைகள் தராசில். ஆளுக்கு எட்டுக் கிலோ, அதற்கு மேல் கயிற்றில் ஏற்றமாட்டாள். என்னுடையது ஒன்பதரை.

கட்டியது நான். காலையில் வாசலில் எடுத்துத் தந்தது மனோ.

திறந்தோம். காலுறைகளுக்குள் சுற்றி, தட்டையான மொறுமொறுப் பருத்தித்துறை வடை, நான்கு பொட்டலம். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து: 'இறங்க முன்'. 'கீழ'. 'மேல வந்த பிறகு'. நான்காவதில், 'சிவகாமிக்கு'.

சிவகாமி தன் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தாள். பிறகு என்னிடம் பேனா கேட்டாள்.

மே 17, ஞாயிறு
மறுபடி தூறல். பெரிய லென்ஸ், கமெராக் கால், இரண்டாவது சுவெற்றர் வெளியே. மூன்று பொட்டலமும் உள்ளே. ஏழு கிலோ தொள்ளாயிரம்.

"ஓம் எண்டு வாயால சொல்லியிருக்கலாமே, மனோ."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. மூண்டாவது பொட்டலத்தைக் கீழ வைச்சே திண்டுபோடாதேங்கோ. அது மேல வந்தாப்பிறகுதான்."