இருபது தாலா

மரைன் ஹில்,
போர்ட் பிளேர்.
20.10.2009

அன்புள்ள டெர்வின் அண்ணனுக்கு, உன் உயிரை வாங்குகிற தங்கை, இல்லை, அதை அடித்துவிடு, உன் காசை மட்டும் வாங்குகிற தங்கை பிரிஸ்கில்லா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலம். வேறு மாதிரி எழுத இந்தப் பேனாவுக்கு நான் அனுமதி தரவில்லை.

உன் கடிதமும் அதற்குள் வைத்திருந்த இருபது தாலா நோட்டும் நேற்றுத்தான் வந்தன. இந்தியில் தாலா என்றால் பூட்டு. பூட்டை அனுப்பிவிட்டுச் சாவியை நீயே வைத்துக்கொண்டாயா? அபர்டீன் பஜாரில் சொக்கலிங்கம் அண்ணாச்சியிடம் அதை நீட்டி வளையல் கேட்டேன். எந்த ஊரு லாட்டரிம்மா இது, பறவையெல்லாம் போட்டிருக்கான் என்று சிரித்தார். சமோவா நாட்டுப் பணம் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே கடல் ஊருக்குள் வந்ததை டிவியில் அவரும் பார்த்திருக்கிறார். தம்பி பேசுனானாம்மா என்று கேட்டு, வளையலைச் சும்மாவே கொடுத்தார். வாங்காமல் வந்துவிட்டேன்.

கடிதத்தில் நீ போட்டிருக்கும் தேதி செப்டம்பர் பத்து. படகு எஞ்சின் வேலைக்குத் தெற்குக் கரைக்கு மாறுவதாகவும், அறையை விட்டு இறங்கினால் கடலில் கால் நனையும் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கே கடல் ஏறியது இருபத்தொன்பதாம் தேதி. அம்மாவின் கண்ணாடி உடைந்தது நல்லதாகப் போயிற்று. உன் அறை மலைமேல் இருப்பதாக மாற்றி வாசித்துவிட்டேன்.

அப்பா வலை எடுக்கப் போய்த் திரும்பாத அந்த சுனாமி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, ரேஷன் கார்டும் போட்டோவும் போட்டு வாசல் ஆணியில் ஒரு பை மாட்டினோமே, கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, அதில்தான் அம்மா உன் நோட்டையும் வைத்தாள். பகலெல்லாம் இந்திராணி அக்கா வீட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீ கொடுத்த நம்பர் அடிக்கவே இல்லை. நீ கூப்பிடும்போது லைன் பிஸியாக இருக்கக் கூடாதாம், யாரையும் தொட விடுவதில்லை. போன் உங்கம்மாவோடது, பில்லு மட்டும் எங்களோடது என்கிறாள் அக்கா. ஆனாலும் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள்.

இன்று பையிலிருந்து அந்த நோட்டைத் திருடிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். இங்கே அதற்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. அங்கே ஒரு போன் பேசலாம். அம்மா பையைத் திறந்து பார்த்து என்னை அடிப்பதற்குள் கூப்பிடு. பேச நேரமில்லை என்றால் தும்மு போதும். உன் தும்மல் எங்களுக்குத் தெரியும்.

மாதா உன்னை மேடான இடத்தில் வைத்திருக்கட்டும்.

உன் தங்கை
பிரிஸ்கில்லா