சாயம் போகாத குருவி

ஆண்டர்சன்பேட்டை
செப்டம்பர் 14

அன்பு மகன் டைட்டஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மெல்போர்னில் நீயும் ஆனியும் குழந்தையும் நன்றாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வெட்டிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டை விற்க நீ அனுப்பின சம்மதப் பத்திரம் வந்தது. தங்கச் சுரங்கம் மூடினதோடு ஊரும் செத்துப்போச்சு, கழிவு மண் கொட்டின அந்த சயனைடு மேட்டைத் தவிர அங்கே இன்னா இருக்குது என்று கேட்டாய் அல்லவா? இன்னா இருக்குதுன்னு சொல்றேன், கேளு.

போன மாதம் அதே மேட்டுக்குக் கீழே, கோரைப்புல்லில் ஒரு குருவியைப் பார்த்தேன். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. மிளகாய்ப்பழச் சிவப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, அலகும் சிவப்பு. அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுத் துரை அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் சாயம் அடித்து விற்கிற குருவியாம், கூண்டிலிருந்து தப்பி வந்திருக்குமாம், ஒரு மழைக்கு வெளுத்துவிடுமாம். நானும் நம்பித் தொலைத்தேன். பசியில் செத்துப்போகுமே என்று தினமும் தினை கொண்டுபோய் வைத்தேன். ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. திமிரைப் பார்!

பிறகு மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை துரை அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். அதே சிவப்பு, டைட்டஸ்! கழுவிவிட்டதுபோல இன்னும் பளிச்சென்று. பக்கத்தில் மங்கலாக ஒரு பெட்டை. இரண்டும் புல்லைக் கிழித்துப் புதருக்குள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எவன் கூண்டிலிருந்தும் தப்பி வந்ததல்ல அது. இந்த இடம் பிடித்திருக்கிறது, இருக்கிறது. உன் அப்பா இருபத்தெட்டு வருஷம் இந்த மண்ணுக்குள் ஷிஃப்ட்டுக்கு இறங்கினார். அதன்மேல் நடக்க எனக்கு உன் அனுமதி வேண்டாம்.

தனியாக இருக்கிறாயே என்கிறாய். ஆமாம், சில நாள் வீடு பெரிசாகத்தான் தெரிகிறது. அதற்கு வீட்டை விற்பாயா? டிசம்பரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. பாட்டி பொய் சொல்லவில்லை என்று அது தன் கண்ணால் பார்க்கட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். கையெழுத்துதானே கேட்டாய்? உன் பத்திரத்தின் பின்பக்கத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். இதோ, கீழே போட்டுவிட்டேன்.

உன் அம்மா,
வின்னி வால்டர்