சஹனில் மிதந்த வர்ணம்

செங்கல்பட்டு,
27-5-1956.

அன்பு மகன் நூர்முகமதுவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தாவின் இருமலும் அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் சுகமாகவே இருக்கிறது. பினாங்கில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பெருநாளைக்கு நீ அனுப்பிய கைலி வந்து சேர்ந்தது, அதைக் கட்டிக்கொண்டு உன் அத்தா தெருக்கோடி வரைக்கும் இரண்டு தடவை போய் வந்தார், அங்கே அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

கூடுவாஞ்சேரி சம்பந்தம் தட்டிப்போன சேதியை உன் முதலாளி உனக்குச் சொல்லியிருப்பார், மாப்பிள்ளை அவருடைய தம்பி ஆயிற்றே. எப்படித் தட்டிப்போனது என்பது அவருக்கே தெரியாது, அதைத்தான் எழுதுகிறேன். உன்மேல் குற்றம் சொல்லவில்லை மகனே, ஆனால் குற்றம் உன்னுடையதுதான். நோன்பு நேரத்தில் போட்ட கடிதத்தில், உங்கள் கடையில் புத்தக அட்டைக்கு ஒட்டும் அலை அலையான வர்ணத் தாளை வீட்டுச் சாமான்களை வைத்தே செய்துவிடலாம் என்று உன் தங்கைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாய் அல்லவா. அதே கடிதத்தின் மறுபக்கத்தில்தான் ஜெயினுலாபுதீனுக்கு முப்பத்தெட்டு வயசு ஒரு வயசா, முதல் தாரம் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது, தங்கமான மனுஷன் என்றும் எழுதியிருந்தாய். ஷரீபுன்னிசா இரண்டு பக்கத்தையும் படித்தாள். ஒரு பக்கம்தான் அவளுக்குப் பிடித்தது.

அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உன் அத்தா ஜன்னலுக்கெல்லாம் பச்சையும் கதவுக்குச் சிவப்பும் அடித்தார். மிச்சம் இருந்த வர்ணத்தை வெள்ளிக்கிழமை அவள் எடுத்துக்கொண்டாள். லீவு நாளாச்சா, பக்கத்து வீட்டு சாராள், எதிர் வீட்டு வரலட்சுமி, இன்னும் தெருவில் உள்ள வாண்டுகள் எல்லாம் கொல்லையில் கூடிவிட்டன. நோன்புக் கஞ்சிக்கு வாங்கி மீந்த வெந்தயத்தை ஊறவைத்துக் காய்ச்சி வழுவழுவென்று தண்ணீர் எடுத்தாள், வர்ணத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஈர்க்குச்சியால் அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள், என் பேன் சீப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். சாராள் அடுப்படிக்கு ஓடிவந்து, அம்மா வந்து பாரேன் தண்ணி மேல கலரு ஓடிக்கினு கீது என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தேன். பழைய பரீட்சைத் தாளைப் பரப்பி வைத்து ஒரு ஓரமாகத் தூக்கினார்கள், மயில் கழுத்துப் போல வந்தது. எனக்கே ஆசையாகி நானும் ஒன்று எடுத்தேன், அது வாந்தி எடுத்த மாதிரி வந்தது, இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று எல்லாக் குழந்தைகளும் பொய் சொன்னார்கள். அவ்வளவு பெரிய தாளுக்கு வேறு பாத்திரம் போதாது என்று, விருந்துக்கு எடுக்கும் பெரிய சஹனில்தான் இத்தனையும் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அத்தா, தாய்மாமன் ஷேக் தாவூத், கூட உன் அத்தா, நாலு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சூடான பிரியாணி பட்டதும், சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் போகாத மண்ணெண்ணெய் குப்பென்று கிளம்பியிருக்கிறது. விருந்துக்கு வந்த இடத்தில் சோறு நாறுகிறது என்று எந்த மனுஷன் சொல்வான். ஒரே தட்டில் நாலு கை, யார் கை என்று மூன்று பேரும் மெல்லப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஷேக் தாவூத் கூடுவாஞ்சேரியில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருப்பவர், இதை நான் சத்தியமாக முன்னால் அறியேன். இன்னா எல்லாரும் என்னையே பாக்கிறீங்க, கையைக் கழுவிக்கினுதானே குந்தினேன் என்று அவர் கேட்க, சம்பந்தி சும்மா இருக்கக் கூடாதா, இருபது வருசமா அந்தக் கடையிலயே கெடந்தா வாசன எங்க போவும் மச்சான் என்று சொல்லிவிட்டார். ஷேக் தாவூத் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். சஹனில் உட்கார்ந்தவர் மற்றவர்கள் முடிக்குமுன் எழுந்தால் அது எப்பேர்ப்பட்ட அவமரியாதை என்று உனக்குத் தெரியும். தாய்மாமன் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மா அங்கே படுத்துவிட்டாளாம். அல்லாஹ் நாடவில்லை என்று உன் அத்தா சொல்கிறார், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. ஆசிரியைப் பயிற்சிக்கு உன் தங்கைக்கு இடம் கிடைத்து கார்டு வந்திருக்கிறது, ஜூலை நாலாம் தேதி சேர வேண்டும். நிக்காஹ் ஆனால் அதெல்லாம் கூடாது என்று அவர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள், உன் அத்தாவும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கார்டை அவள் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வர்ணம் அடிக்க அத்தாவுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சஹனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தவள் அவள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். வாசனை எனக்கு அப்போதே வந்தது மகனே. பரணில் இன்னொரு சஹன் சுத்தமாக இருந்தது. இதில் சோற்றை அள்ளி வைத்தது நான்தான்.

அவர்கள் மாமனைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்ப வரலாம், உன் முதலாளியும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். எங்கள் வீட்டில் பெண் படிக்கப் போகிறாள் என்று நீயே சொல்லிவிடு, அத்தாவுக்கும் ஒரு கடிதம் போடு, நீ சொன்னால் அவர் கேட்பார், நான் சொன்னால் இருமுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் இன்னும் கொஞ்சம் புத்தியும் தருவானாக. இந்தக் கடிதத்தைச் சுற்றியிருக்கும் தாள் உன் தங்கை கையால் செய்தது. சஹனுக்கு ஈயம் பூசினால் வாசனை போய்விடும், கொடுத்துவிடு என்று உன் அத்தா தினமும் சொல்கிறார். உன் பதில் வரும்வரை கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
சம்சாத் பேகம்.