வலது பக்கம் திருகச் சொன்னது யார்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செத்து நாலு வருஷமான மனிதன் மேல், அவன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவன் செய்யாத தப்பைச் சொல்லி நாற்பது பேர் சிரித்தார்கள். சொன்னவன் என்ஜினியர். செத்தவன், பள்ளியில் நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிட்டவன். அவர்களோடு ஒரே பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்து படித்தவன் உன் அப்பா. நீ போனில், அவர் ஜாலிக்குத்தானே சொன்னார், இந்த வயசுல எதுக்குப்பா சண்டை என்றாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சொல்.

பழைய வகுப்புத் தோழர்கள் கூட்டம் என்று ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒரு மாதமாக எல்லார் வீட்டுக்கும் அலைந்தான். ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தோம், எப்படி ஓய்வு பெற்றோம் என்று ஐந்து நிமிஷம் பேசவேண்டும், பேச்சையெல்லாம் சேர்த்து நினைவு மலர் போடப்போகிறார்கள். மண்டபத்தில் பாதிப்பேருக்குக் காது மந்தம், மீதிப்பேருக்கு மூட்டுவலி, ஒருவன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் அதையே தேடினான். என்னைப் பார்த்ததும், டேய் முள்ளு, இன்னும் யாரையாவது குத்திக்கிட்டுத்தான் இருக்கியா என்று கட்டிக்கொண்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இறந்துபோனவர்களின் குடும்பத்தையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பூச்செண்டு கொடுத்தார்கள். ஒட்டகத்துக்காக அவன் மனைவி, நீ அத்தை என்று கூப்பிடுகிறவள், வந்திருந்தாள். செண்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்தபடி, யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

என்ஜினியர் எழுந்து, தான் கட்டிய தொட்டிகள், போட்ட குழாய்கள் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சிரிப்புக்காக ஒன்று சொன்னான். நம்ம ஒட்டகத்துக்குச் சாகுற வரைக்கும் வலது எது இடது எதுன்னு தெரியாதுடா, டிரில் வாத்தியார் ரைட்டுன்னா லெஃப்ட்டுல போவான், வேலையிலயும் அப்படித்தான் வால்வைத் திருகித் தெருவையே குளமாக்கினான், நான்தான் நாலு நாள் தண்ணிய வடிச்சேன் என்றான். மண்டபமே குலுங்கியது. அத்தையும் சிரித்தாள். சபையில் எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்று சிரித்த சிரிப்பு அது. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, பம்பு ஹவுஸில் முப்பத்தொரு வருஷம், எல்லாருக்கும் வணக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. எங்கள் மூவருக்கும் குடிநீர் இலாகாவில்தான் வேலை, ஒட்டகம் தெருத்தெருவாக வால்வு திருகுகிறவன். அங்கே எல்லா வால்வும் வலது பக்கம் திருகினால் மூடும். பழைய பகுதியில் மட்டும் சில வால்வுகள் தலைகீழ், இடது பக்கம் திருகினால்தான் மூடும். அவற்றை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று என்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தான், ஒன்று மட்டும் விட்டுப்போனது. ஒருநாள் காலையில் அந்தத் தெருவில் குழி தோண்டி ஒரு ஃபிட்டர் உள்ளே இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூடியிருந்த வால்வில் தண்ணீர் கசிந்தது, அதை இன்னும் இறுக்கவேண்டும். ஒட்டகம் பக்கத்துக் கடையிலிருந்து பம்பு ஹவுஸுக்குப் போன் போட்டான். என்ஜினியர் சோதனைக்கு வந்து என் பக்கத்தில்தான் நின்றிருந்தான், போனை அவனே எடுத்தான். சார், இது பழைய தலைகீழ் வால்வா, மாத்தினதா என்று ஒட்டகம் கேட்டது பக்கத்தில் நின்ற என் காதிலேயே விழுந்தது, அவனுக்கு அப்படிப்பட்ட தொண்டை. பள்ளியில் டா போட்டவனை வேலையில் சார் என்றுதான் கூப்பிடவேண்டும், நானும் அப்படித்தான். மாற்றிய வால்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை என்ஜினியர் திறக்கவில்லை. எல்லாம் மாத்தியாச்சு, வலது பக்கம் திருகு என்றான். ஒட்டகம் திருகினான். வால்வு திறந்துகொண்டு தண்ணீர் குழிக்குள் பாய்ந்தது. குழி சரிந்து ஃபிட்டரின் கால் நசுங்கியது, அவன் அப்புறம் நிமிர்ந்து நடக்கவே இல்லை.

விசாரணையில் என்ஜினியர், நான் இடது என்றுதான் சொன்னேன் என்றான். சாட்சி நான் ஒருவன்தான். பம்பு சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாவதோடு நின்றவன் நான், பழைய புத்தகங்களை வாங்கி நானாகப் படித்தவன், என்னை ஆபரேட்டர் பரீட்சை எழுத விடச்சொல்லி மேலிடத்தில் பேசியவன் என்ஜினியர். அந்த நன்றிக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி இல்லை, பயம். ஒட்டகத்தைத் தெருவிலிருந்து எடுத்து வடிகட்டித் தொட்டியில் பாசி சுரண்டப் போட்டார்கள். ரிடையர் ஆகும்வரை அதுதான் வேலை. கடைசி நாளில் ஒரு வழியனுப்புக் கூட்டம்கூட வைக்கவில்லை.

கூட்டம் முடிந்து கை கழுவும் இடத்தில் என்ஜினியரைப் பிடித்துக்கொண்டேன். ஏண்டா இப்படிப் பேசினாய் என்றேன். அவன் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, அன்னிக்குக் கேக்கலைன்னு எழுதிக் கொடுத்தவன் நீ, இன்னிக்கு மட்டும் எப்படிடா காது கேக்குது என்றான்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். வாங்கண்ணா என்று நாற்காலி போட்டாள். நேத்து எல்லாரும் அவரை ஞாபகம் வெச்சிருக்கீங்களே, அதுவே போதும் என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். ஆரம்பத்துல, வலதுன்னுதாண்டி சொன்னாரு என் காதால கேட்டேன்னு சத்தம் போடுவாராம். வருஷம் போகப்போக, நான்தான் தப்பாக் கேட்டேனோ என்னமோ என்று சொல்ல ஆரம்பித்தாராம். கடைசி காலத்தில் சமையலறைக் குழாயை மூடிவிட்டு, சரியாத்தான் மூடினேனா, வந்து பாரேன் என்று அவளைக் கூப்பிடுவாராம். நீ சரியாகத்தான் கேட்டாய் என்று அவனிடம் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அந்த ஒருவன் வாரம் தவறாமல் ஒட்டகத்தோடு உட்கார்ந்து கேரம் ஆடினான், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை. போய்ட்டு வர்றேம்மா என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் அம்மா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஓடின தண்ணி, எப்பவோ வடிஞ்சுபோச்சு, விடுங்க என்கிறாள். நான் விடமாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வீட்டுக்குப் போய், வலது என்று சொன்னதை நான் கேட்டேன், கேட்டும் பொய் எழுதினேன் என்று சொல்லவேண்டியது நான். அம்மா வாசல்வரை வரட்டும், உள்ளே வந்து எனக்காகப் பரிந்து பேசவேண்டாம். நான் எழுதித் தருவதை ஒரு எழுத்தும் குறைக்காமல் மலரில் போடவேண்டியது போஸ்ட்மாஸ்டர், சிரிப்புக்காகச் சொன்னதை எடுத்துவிடவேண்டியதும் அவன்தான். அதே நாற்பது பேரைக் கூட்டி, அதே மைக்கில், பதிவேட்டைத் திறக்காமல் சொன்னேன் என்று சொல்லவேண்டியது என்ஜினியர். சொல்லும்வரை அவன் வீட்டு வாசலில் தினமும் போய் நிற்கவேண்டியது நான். உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அத்தை மகள் உன் கூடப் படித்தவள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவளிடம் மூச்சு விடாதே, அப்புறம் நீயே கூப்பிட்டுப் பேசு. உங்கப்பாவா இப்படிச் செஞ்சார் என்று கேட்பாள். ஆமாம் என்று சொல். வயசாயிடுச்சு, வருத்தப்படுகிறார் என்றெல்லாம் கூடச் சேர்க்காதே.

காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம். மூன்று பேரும் தலைநிமிர்ந்து நூறாண்டு நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா