வளையத்துக்கு அடியில் இருந்த பெயிண்ட்

பென்னலூர் முழுக்கக் காதைச் செவிடாக்கிய என் அருமைக் கொழுந்தனாரே, சகாயம்,

உன் அண்ணி பிலோமினா எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பத்தாவதை மூன்று தடவை எழுதியவன் நீ, சிரிக்காமல் படி.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் பைக் உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவின் பின்வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே, நான் துணி காயப்போடப் போனால் அதன் மூக்கு தெரியும். போன வாரம் படப்பையிலிருந்து ஒருவர் வந்து விலை பேசினார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தால் எங்கே போவதென்றும் தெரியவில்லை. கம்பெனி லைனில் ஒரே வயரை நான்கு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்று சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

உன் வண்டியில் இருந்த அந்தப் பாட்டு செட்டுக்கு வயர் போட்டவள் நான். ஒரகடத்தில் காருக்குப் போகிற வயர்க்கட்டுகள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாக நிற்கிறேன் அல்லவா, அந்தத் திமிர். "மெக்கானிக்கு கண்டதையும் இழுத்து முறுக்கி வெச்சிடுவான். உங்க கை படட்டும் அண்ணி" என்று நீ ஐஸ் வைத்தாய். "ரெண்டு பக்கமும் குண்டா ஸ்பீக்கரு, நடுவுல குச்சி மாரி நீ. எதுடா ஸ்டாண்டு?" என்று கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் டப்பா உட்கார வேண்டிய இடத்தில் லைட்டின் எர்த் வயர், கரண்ட் வண்டி இரும்புக்குத் திரும்புகிற வயர், மாட்டியிருந்தது. அதைக் கழற்றி, பாட்டு செட்டின் எர்த் வயரோடு சேர்த்து ஒரே செம்பு வளையத்தில் வைத்து அழுத்தி, டேங்குக்குக் கீழே வேறொரு போல்ட்டில் மாட்டினேன். பாட்டு பாடியது, லைட் எரிந்தது. நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், நடிகா.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை சுவருக்கு மேல் உன் தலை வந்தது.

"அண்ணி, ஹாரன் அடிச்சா பாட்டு நின்னுடுது. லைட்டும் மங்குது. இன்னான்னு பாருங்களேன்."

"உன் பாட்ட கேட்டு ஹாரனே அழுவுது. ஞாயித்துக்கிழமை பாக்கறேன், போடா."

நீ சிரித்துக்கொண்டே போனாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தூறலும் மூட்டமுமாக இருந்த நேரம், வாலாஜாபாத் ரோட்டில் விளக்கே இல்லாமல் நின்ற கண்டெய்னர் லாரியின் பின்னால் போய் மோதினாய்.

பார்த்தவர்கள் உன் வண்டியிலும் லைட் எரியவில்லை என்றார்கள். அதை ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். "லைட்ட கூட போடாம அப்டி இன்னா அவசரம் இந்தாளுக்கு?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். பத்து மாதமும் அதேதான். கோபத்தில் உன் படத்துக்கு ஒரு பூ வைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். ஊரில் ஒருத்தரை விடாமல் வம்புக்கு இழுக்கிற இந்த வாய், அந்த வயரைத் தொட்டது நான் என்று சொல்ல மட்டும் திறக்கவில்லை.

எங்கள் லைனில் ஒரு சட்டம் உண்டு. செய்தவள் தன் வேலையைத் தானே சோதிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் இழுத்துப் பார்த்து 'பாஸ்' சொன்னால்தான் உண்டு. உன் வண்டியை அன்றைக்கு யாரும் சோதிக்கவில்லை. அதனால் சனிக்கிழமை, லைனில் என் பக்கத்தில் நிற்கிற சாந்தியைக் கூட்டிவந்தேன். என் வேலையில் ஒரு குறை கண்டால்தான் அவளுக்கு மதியச் சோறு இறங்கும், அப்படிப்பட்டவள். ஸ்பீக்கரைக் கழற்றுகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். அவள் ரேஷன் கடைக்குப் போனாள்.

சாந்தி என் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். "இரும்பு மாரி கீதுக்கா. பாஸ்." எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. உன் அண்ணன் வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, உடைந்துபோன முன்விளக்கின் வயரில் வேறு பல்பைப் பொருத்தினோம். சாவியைத் திருப்பினேன். பல்பு மினுக்கென்று எரிந்தது. சாந்தி ஹேண்டில்பாரை ஆட்டினாள். அணைந்துவிட்டது.

அவள் எர்த் வயரில் ஒரு துண்டு வயரை வைத்து நேராக பேட்டரியின் மைனஸில் தொட்டாள். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. கோளாறு வயரில் இல்லை, அது போய்ச் சேருகிற இடத்தில். நான் மாட்டிய போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் புதுசு போலப் பளபளவென்று இருந்தது.

பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகுமா, சகாயம்? போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் போயிருக்கிறது, ஆட்டத்தில் அதுவும் விட்டுவிட்டது. எத்தனை ஆயிரம் வளையங்களை இந்தக் கையால் அழுத்தியிருப்பேன்! அது எந்த வண்டியில், எந்த இரும்பில் போய் உட்காருகிறது என்று ஒரு நாள் பார்த்ததில்லை. அதை மாட்டுவது வேறு கம்பெனி, வேறு கேட். சுரண்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியாது, சாந்திக்கும் தெரியாது.

"வுடுக்கா. மோதனப்போ கூட லூஸ் ஆயிருக்கும். லைட்டில்லாம லாரிய நிறுத்தனவன் மட்டும் யோக்கியனா? நாளைக்கு வண்டி போயிடும். வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். பிளேடால் பெயிண்டைச் சுரண்டி வளையத்தை மறுபடி முடுக்கினேன். பல்பு நின்று எரிந்தது. அதை அணைக்கக் கை நீட்டியபோதுதான் உறைத்தது. நாங்கள் சாவியை மட்டும்தான் திருப்பினோம். லைட் சுவிட்சை இரண்டு பேருமே தொடவில்லை. அது பத்து மாதமாக 'ஆன்' பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நீ போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாய்.

ஸ்டெல்லா அரிசிப் பையோடு வந்து நின்றாள். "இன்னாக்கா, ஸ்பீக்கர் கழட்டறேன்னு லைட்ட கொளுத்தி வெச்சிக்கினு கீற?"

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீ கேட்டதையும், நான் கேலி பண்ணி அனுப்பியதையும் சேர்த்து. சாந்தி என் புடவையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் பார்த்தாள். "அப்போ அவரு போட்டுக்கினுதான் வந்தாரா?" என்றாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "பத்து மாசமா அந்த மனுசன நான் திட்டிக்கினு இருந்தேனே." பிறகு மெல்லச் சொன்னாள், "நீ போக்கா. இப்போ போயிடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தவரை அவள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டாள். உன் படத்தில் மல்லிகை ஏறியிருக்கிறது, உன் அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார். என்னிடம் பேச்சு இல்லை. குழாயில் என் குடம் நிரம்பினால் நகர்த்தி வைக்கிறாள், அவ்வளவுதான். இது ஐந்தாவது நாள். சுரண்டி வைத்த லைட் அன்றைக்கு எரிந்திருந்தால் உனக்கு அந்த லாரி தெரிந்திருக்குமா? தூறலில் தெரியாமலே போயிருக்குமா? நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அவளைச் சிரிக்க வைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும், உனக்குத் தெரியாததா? அவள் சிரித்துவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். அதனாலேயே அதைச் செய்ய மாட்டேன். அவளாக வந்து என்னைத் திட்டட்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி. அன்றைக்கு எதிர்வார்த்தை பேசாமல், கேலி பண்ணி நழுவாமல், முழுசாக நின்று வாங்கிக்கொள்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் அண்ணன் பெண்டாட்டி,
உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி வைத்த அண்ணி,
பிலோமினா